45 வருடப் பழைய பைப்: சுவரிலிருந்து பிடுங்க வேண்டுமா, அப்படியே விடலாமா?

நாலாம் மாடி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் கட்டடம் ஆறு தளம், 24 வீடு, கட்டி 45 வருடம் ஆகிறது. தண்ணீர் லைன் எல்லாம் அன்றைக்குப் போட்ட ஜி.ஐ. பைப்தான். மேல்தொட்டியிலிருந்து நான்கு லைன் டக்ட் (பைப்புக்கென்று மேலிருந்து கீழ் வரை விட்ட இடைவெளி) வழியாக இறங்குகிறது, தளத்துக்கு ஒரு டீ (T வடிவ இணைப்பு), அதிலிருந்து வீட்டுக்குள் போகும் கிளை முழுக்கச் சுவருக்குள் பூசி மூடியது. இரண்டு வருடமாகத் தொல்லைதான். காலையில் குழாயைத் திறந்தால் முதல் அரை வாளி செம்மண் நிறத்தில் வருகிறது. சமையலறைக் குழாய் திறந்திருந்தால் குளியலறை ஷவரில் சொட்டுதான். போன ஒரு வருடத்தில் மட்டும் டக்டில் மூன்று இடத்தில் ஒழுகி, ரப்பர் வைத்துக் கிளாம்ப் போட்டுக் கட்டியிருக்கிறோம்.

மாற்றியாக வேண்டும் என்பதில் பெரும்பாலும் எல்லோருக்கும் சம்மதம். சண்டை வேறு இடத்தில். வந்து பார்த்த ஒரு ப்ளம்பர், புது லைனை வெளியே ஓட்டிவிடலாம், பழையதைத் தொடவே வேண்டாம் என்கிறார். இன்னொருவர், பழைய பைப்பைக் கடைசித் துண்டு வரை பிடுங்காமல் வேலையே எடுக்க மாட்டேன் என்கிறார். இரண்டு மதிப்பீட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அடுத்த மாதம் கூட்டம் இருக்கிறது, நான் ஒரு பக்கம் நின்று பேச வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பைப்ரெஞ்ச்

நான் 30 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். இரண்டு ப்ளம்பரும் பாதி பாதி சரி.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். ஜி.ஐ. பைப் என்பது இரும்புக்கு மேல் நாகப் பூச்சு. அந்தப் பூச்சு தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும், அது தீர்ந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். துரு சமமாகப் பரவாது, உள்சுவரில் கொப்புளம் கொப்புளமாக வளரும். தண்ணீரைப் பொறுத்து 40, 50 வருடம்தான் அதன் ஆயுள், உங்கள் பைப் அந்தக் கணக்கில் கடைசியில் நிற்கிறது. வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கலாம், அதை நம்பாதீர்கள்.

இன்னொன்று. பைப்பின் உள்விட்டம் பாதியானால் தண்ணீர் பாதியாகக் குறையும் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். பரப்பளவே கால்வாசி ஆகிவிடும், அதற்கு மேல் சொரசொரப்பான துருவின் உராய்வு வேறு, கால்வாசிகூட வராது. ஷவர் சொட்டுவதற்கு அதுதான் காரணம். பெரிய மோட்டார் போட்டால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மெலிந்துபோன பைப்பில் அழுத்தம் கூட்டினால் மரையில்தான் பிளக்கும்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அடிக்கடி ஒழுகும் லைனில் ஒரு அடித் துண்டை வெட்டி எடுத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மேசை மேல் வையுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. அதைப் பார்த்த பிறகு பேசுங்கள்.

தரைத்தளம்

நானும் இதே கட்டடம்தான். தம்பி எழுதியதில் விட்டுப்போன ஒன்றை நான் சொல்கிறேன். தரைத்தளத்தில் எங்களுக்குத் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. நிறமும் இல்லை. குளியலறையை முழுக்க இடித்து டைல்ஸ் போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்கே மூன்று மாதம் தூசியில் கிடந்தோம். என் மனைவிக்கு நுரையீரல் பிரச்சினை, வீட்டில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல் வீட்டுக்குத் தண்ணீர் குறைவு என்பதற்காக என் சுவரை எதற்கு உடைக்க வேண்டும்? பொதுச் செலவில் என் பங்கைத் தருகிறேன், அதில் மறுப்பில்லை. சுவரைத் தொட வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

நாலாம் மாடி

அண்ணா, நீங்கள் இங்கே எழுதியது நல்லதுதான். உங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. அதையும் சேர்த்தே யோசிப்போம்.

சுத்தியல்

கட்டடப் பொறியாளர் என்ற முறையில் சொல்கிறேன். "பிடுங்குவதா விடுவதா" என்று ஒட்டுமொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பைப் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் கேளுங்கள்.

டக்டில் தொங்கும் பைப் என்றால் எடுத்துவிடுங்கள், இரண்டு யோசனையே வேண்டாம். புது லைனுக்கு இடம் வேண்டும், பழைய பிராக்கெட்டும் துருப்பிடித்திருக்கும், என்றாவது ஒரு நாள் கழன்று விழும். இரண்டு இன்ச் ஜி.ஐ. பைப் மீட்டருக்கு 5 கிலோ. ஆறு தளத்துக்கும் சேர்த்தால் ஒரு லைனே 90 கிலோவுக்கு மேல்.

செங்கல் சுவருக்குள் பூசியது வேறு கதை. நாலரை இன்ச் சுவரில் பைப் போகிற காடியை மறுபடி கொத்தினால் பாதிச் சுவர்தான் மிஞ்சும், படுக்கைவாக்கில் நீளமாகக் கொத்தினால் இன்னும் மோசம். சுவருக்குள் இருக்கும் காலி பைப் யாரையும் ஒன்றும் செய்யாது, உலர்ந்திருக்கும் வரை. ஈரம் பட்டால்தான் வினை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், வெளியே தள்ளும், பூச்சு வெடிக்கும்.

கான்கிரீட்டுக்குள் போகும் பைப்பை, அதாவது ஸ்லாபுக்குள், பீமுக்குள், தூணை ஒட்டிப் போவதை யாராவது பிரேக்கர் (இடிக்கும் மெஷின்) வைத்து எடுக்கிறேன் என்றால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். 45 வருடக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பைப்பை எடுக்கப் போய் கம்பியை வெட்டிவிட்டு வந்த கட்டடங்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

முன்னாள் செயலாளர்

எங்கள் கட்டடத்தில் நாங்கள் செய்த தவறை எழுதுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள்.

செலவு குறைய வேண்டும் என்று டக்டில் வரும் மெயின் லைனை மட்டும் மாற்றினோம். வீட்டுக்குள் போகும் கிளை அவரவர் பொறுப்பு, எப்போது முடியுமோ அப்போது மாற்றிக்கொள்ளட்டும் என்று தீர்மானம் போட்டோம். கேட்க நியாயமாக இருந்தது. வேலை முடிந்த முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம், தண்ணீர் பீறிட்டு வந்தது. இரண்டாவது மாதம் ஒரு வீட்டில் அடுப்பு மேடைக்குப் பின்னால் ஈரம். அப்புறம் இன்னொரு வீடு. எட்டு மாதத்தில் ஒன்பது வீடு. என்ன நடந்தது என்றால், பழைய கிளைகளில் மரையைப் பிடித்துக்கொண்டிருந்ததே துருதான். டக்டில் ரெஞ்ச் போட்டுத் திருகித் தட்டியதில் அது அசைந்துவிட்டது, கூடவே குழாய் திறந்திருக்கும்போது வரும் அழுத்தமும் கூடிவிட்டது. கீழ்வீட்டுக் கூரையில் கறை, மேல்வீட்டுக்காரர் நான் ஏன் கொடுக்க வேண்டும் என்கிறார், ஒவ்வொரு மாதமும் அந்தப் பஞ்சாயத்துதான். கடைசியில் ஒவ்வொரு வீடாகத் தனித்தனியே மாற்றியதில், ஒரே தடவையில் செய்திருந்தால் ஆகும் செலவைவிட அதிகமாகவே ஆனது.

அதனால் என் அனுபவத்தில் பழையதைப் பிடுங்குவது இரண்டாவது பேச்சு. தண்ணீர் ஓடும் பாதையில் பழைய பைப் ஒரு துண்டுகூட மிஞ்சக்கூடாது, அதுதான் முதல் பேச்சு. தொட்டி அடியிலிருந்து வீட்டுக் குழாய் வரை.

தரைத்தளம்

அப்படியென்றால் என் சுவரை உடைக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்?

பைப்ரெஞ்ச்

இல்லை சார். பழைய கிளையில் தண்ணீர் ஓடக்கூடாது என்றுதான் அவர் சொல்கிறார். பைப் சுவருக்குள் கிடக்கலாம். புதுக் கிளையைச் சுவருக்கு வெளியே, கூரையை ஒட்டி ஓட்டி, ஒவ்வொரு குழாய்க்கும் மேலிருந்து இறக்கலாம். டைல்ஸில் ஆணி அடிக்கும் ஓட்டை மட்டும்தான், அதையும் டைல்ஸ் இணைப்புக் கோட்டில் போட்டால் உடையாது. பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றால் மூலையில் ஓட்டி ஒரு பெட்டி போட்டு மூடலாம். ஆனால் நாளைக்கு ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும், ஒரு மணி நேரத்தில் சரிசெய்யலாம். நான் என் சொந்த வீட்டில் அப்படித்தான் போட்டிருக்கிறேன்.

பழையதை விடுவதற்கும் முறை இருக்கிறது. இரண்டு முனையும் வெட்டி, உள்ளே நிற்கும் தண்ணீரை முழுக்க வடித்து, காற்று ஊதி உலர்த்தி, இரண்டு பக்கமும் டம்மி (அடைப்பு மூடி) போட்டு இறுக்க வேண்டும். வெறும் வால்வை மூடிவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. பழைய கேட் வால்வு உள்ளே தேய்ந்திருக்கும், முழுதாக மூடாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாமல் சுவர் ஊறும்.

இரண்டு பிள்ளைக்காரி

டம்மி போடும் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பழைய கிளையின் ஒரு முனையை மட்டும் அடைத்துவிட்டு, மறுமுனையைப் புது லைனில் தொங்கலாக விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. அந்தத் துண்டில் தண்ணீர் ஓடாது, தேங்கி நிற்கும். 20 முதல் 45 டிகிரி வரை வெதுவெதுப்பில் தேங்கிய தண்ணீர் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளர ஏற்ற இடம். 1976இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடியவர்களுக்கு வந்த நிமோனியாவிலிருந்துதான் அதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். ஷவரிலிருந்து பறக்கும் நுண்துளி வழியாக மூச்சில் போகும். நுரையீரல் பலவீனமானவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். தரைத்தளத்து ஐயா வீட்டில் இது ரொம்ப முக்கியம். வெட்டும் இடம் டீயை ஒட்டி இருக்க வேண்டும், வால் மாதிரித் துண்டு தொங்கக்கூடாது.

அப்புறம் ஈயம். துரு நிறம் கண்ணுக்குத் தெரியும், ஈயம் தெரியாது, ருசியும் மாறாது. பழைய நாகப் பூச்சிலேயே கொஞ்சம் ஈயம் கலந்திருப்பதுண்டு, அந்தக் காலத்தில் மரைக்குச் சணலோடு வெள்ளை ஈயக் களிம்பும் தடவியிருப்பார்கள், பித்தளை வால்விலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், ஆனால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

பரிசோதிக்க, ராத்திரி குறைந்தது ஆறு மணி நேரம் குழாயைத் திறக்காமல் விட்டு, காலையில் வரும் முதல் ஒரு லிட்டரைப் பிடிக்க வேண்டும். ஓடவிட்டுப் பிடித்தால் நல்ல முடிவுதான் வரும், அதில் பயனில்லை. மாடிக்கு ஒரு வீடாவது பரிசோதியுங்கள், தரைத்தளத்தையும் சேர்த்து. நிறம் இல்லை என்பதற்காகச் சுத்தம் என்று சொல்ல முடியாது ஐயா.

தரைத்தளம்

நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மனைவியிடமும் காட்டினேன். மாதிரி கொடுக்கிறேன். எங்கே கொடுப்பது, என்ன பாட்டிலில் பிடிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைக்காரி

பரிசோதனைக் கூடத்திலேயே பாட்டில் தருவார்கள், வீட்டுப் பாட்டில் வேண்டாம். குழாய் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றாமல் பிடியுங்கள், நீங்கள் தினமும் குடிக்கும் தண்ணீர் அதன் வழியாகத்தானே வருகிறது.

ஃபேஸ் நியூட்ரல்

நான் மின்வேலை செய்பவன். இதுவரை யாரும் எர்த் பற்றிப் பேசவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பழைய கட்டடங்களில் தண்ணீர் பைப்பையே எர்த்தாகப் பயன்படுத்தியிருப்பார்கள். கீசர், வாஷிங் மெஷின், சில நேரம் வீடு முழுக்கவே. மண்ணுக்குள் போகும் இரும்பு பைப் அந்தக் காலத்தில் நல்ல எர்த். இப்போது நடுவில் பத்து அடிக்கு பிளாஸ்டிக் பைப் போட்டால் அதற்கு மேல் இருக்கும் எல்லா வீட்டுக்கும் எர்த் அறுந்தது. கீசர் எலிமென்ட் ஒரு நாள் பழுதானால் அந்த மின்சாரம் போக வழியில்லாமல் குழாயிலேயே நிற்கும், குளிக்கப் போனவர் தொடுவார். இது நடக்கக்கூடிய விஷயம், பயமுறுத்தச் சொல்லவில்லை.

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் வயர் இருக்கிறதா என்று ஆள் வைத்து அளந்து பாருங்கள். 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் (ஆர்.சி.சி.பி.) இல்லாத வீட்டில் அதைப் போட்ட பிறகுதான் பைப்பைத் தொட வேண்டும். பைப்பை வெட்டுபவருக்கும் ஆபத்து இருக்கிறது. எந்த வீட்டிலிருந்தோ கசியும் மின்சாரம் அந்த பைப் வழியாகப் போய்க்கொண்டிருக்கும், வெட்டியதும் இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்தால் அவர் உடம்பு வழியாகப் போகும். வெட்டப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் தடித்த செம்பு வயரைக் கிளாம்ப் போட்டு இணைத்துவிட்டு, அப்புறம் வெட்டச் சொல்லுங்கள்.

பைப்ரெஞ்ச்

மேலே மின்வேலைத் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. வேலைக்கு வந்த இரண்டாவது வருடம் எனக்கே அடித்தது. வலது கை இரண்டு நாள் மரத்துப்போயிருந்தது. அதற்குப் பிறகு வயர் போடாமல் நான் வெட்டியதில்லை.

வாடகை வீடு

செலவை யார் கொடுப்பது என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லையே. நான் வாடகைக்கு இருக்கிறேன், எங்கள் கட்டடத்திலும் இதே பேச்சு ஓடுகிறது.

முன்னாள் செயலாளர்

பொதுவாக, ஒன்றுக்கு மேற்பட்ட வீட்டுக்குத் தண்ணீர் கொடுக்கும் பைப் பொதுச் சொத்து, ஒரே வீட்டுக்கு மட்டும் போகும் கிளை அந்த வீட்டுக்காரருடையது. நடுவில் எல்லை எங்கே என்பதில்தான் தகராறு, பல இடங்களில் வீட்டு வால்வை எல்லையாக வைத்திருப்பார்கள். ஆனால் உங்கள் சங்க விதியிலும் பத்திரத்திலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் செல்லும், எடுத்துப் படியுங்கள். வாடகைக்கு இருப்பவர் பைப் மாற்றும் செலவைச் சுமக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து, வீட்டுச் சொந்தக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

நாலாம் மாடி நண்பருக்கு ஒரு யோசனை. வேலையை ஒரே ஆளிடம் கொடுத்து, கணக்கை மட்டும் இரண்டாகப் பிரியுங்கள். பொது லைனுக்கு ஒரு பில், வீட்டுக் கிளைக்கு வீடு வாரியாக ஒரு பில். கையில் பணம் இல்லாத வீட்டுக்குச் சங்கம் முன்பணம் போட்டுத் தவணையில் வாங்கலாம். ஒரு வீட்டை விட்டுவிட்டுப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

சுத்தியல்

என்ன பைப் போடப் போகிறீர்கள் என்று சொல்லவில்லையே? சூடான தண்ணீருக்குப் பொது லைன் இருக்கிறதா?

நாலாம் மாடி

சூடான தண்ணீர் அவரவர் கீசர்தான், பொது லைன் இல்லை. ஒரு மதிப்பீடு சிபிவிசி, இன்னொன்று பிபிஆர், இரண்டும் பிளாஸ்டிக்தான். ஒருவர் டக்டில் செம்பு போட்டு, வீட்டுக்குள் இருக்கும் ஜி.ஐ. கிளையோடு சேர்த்துவிடலாம் என்றார்.

பைப்ரெஞ்ச்

அந்தக் கடைசி ஆளை விட்டுவிடுங்கள். தண்ணீர் ஓடும் திசையில் முதலில் செம்பு, அடுத்து நாகப் பூச்சு இரும்பு என்று வரவே கூடாது. செம்பிலிருந்து கரைந்து வரும் துளி இரும்பில் படிந்து அங்கங்கே குழி பறிக்கும், சீக்கிரமே ஊசி ஓட்டை விழும்.

சிபிவிசியும் நல்லதுதான், பிபிஆரும் நல்லதுதான், போடுகிற கை நன்றாக இருந்தால். சிபிவிசியில் பசை முழுக்கக் காயும் முன்னால் தண்ணீர் விடக்கூடாது. பிபிஆரை 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவார்கள், அவசரப்பட்டு அதிகம் உருக்கினால் உள்ளே வளையம் மாதிரி வீங்கி வழியை அடைக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பிபிஆர் சூட்டில் நன்றாக நீளும், 10 மீட்டர் பைப் 40 டிகிரி சூடேறினால் 6 சென்டிமீட்டர். கீசரிலிருந்து வரும் கிளையை இறுக்கி ஆணியடித்தால் பாம்பு மாதிரி வளைந்து நிற்கும். வெயில் படும் இடத்தில் எந்த பிளாஸ்டிக் பைப்பாக இருந்தாலும் மேலே உறை போடச் சொல்லுங்கள், மொட்டைமாடியில் தொட்டி அடியில் கட்டாயம்.

முடித்ததும் அழுத்தச் சோதனை. வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி நிறுத்தி, கேஜைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவரோ பெட்டியோ மூடுவது அதற்குப் பிறகுதான்.

சுத்தியல்

ஸ்லாபைத் தாண்டும் ஓட்டைகளை மறந்துவிடாதீர்கள். பழைய இரும்பு பைப்பை எடுத்தால் தளத்துக்குத் தளம் ஒரு ஓட்டை திறந்திருக்கும். டக்டில் தீப்பிடித்தால் அந்த வழியாகத்தான் புகை ஏறும். இரும்பு உருகாது, பிளாஸ்டிக் உருகி வழிவிடும், அதனால் பிளாஸ்டிக் பைப் தளத்தைத் தாண்டும் இடத்தில் சூட்டில் உப்பி அடைத்துக்கொள்ளும் வளையம் போட வேண்டும். வெறும் சிமெண்ட்டை அப்பிவிட்டுப் போவார்கள், விடாதீர்கள்.

நாலாம் மாடி

ஒரு சந்தேகம். டக்டில் நான்கு இன்ச் கழிவு லைனும் இருக்கிறது, வார்ப்பிரும்பு. கூடவே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் மாதிரி ஒரு பைப் மேலே மொட்டைமாடி வரை போகிறது. டக்டைத் திறக்கும்போதே இந்த இரண்டையும் சேர்த்து எடுத்துவிடலாமா? அந்தச் சாம்பல் பைப்பை கிரைண்டர் வைத்து அரை நாளில் எடுத்துவிடலாம் என்கிறார்கள்.

சுத்தியல்

கிரைண்டரா, வேண்டவே வேண்டாம். அந்தக் காலத்துச் சாம்பல் நிறச் சிமெண்ட் பைப் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டாக இருக்க நிறைய வாய்ப்பு. உடையாமல் நிற்கும் வரை அதனால் கெடுதல் குறைவு. வெட்டினால், அறுத்தால், உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறக்கும், டக்ட் ஒரு புகைபோக்கி மாதிரி, 24 வீட்டுக் குளியலறை ஜன்னலும் அதில்தான் திறக்கிறது. அந்த இழையால் வரும் நோய் பல வருடம் கழித்துத்தான் தெரியும். ஒரு சிறு துண்டைப் பரிசோதிக்க முறை தெரிந்தவரை வைத்து எடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றால், நன்றாக நிற்கும் பட்சத்தில் தொடாதீர்கள், மேலே அடையாளம் எழுதி வையுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கென்று பயிற்சி எடுத்த ஆட்கள் ஈரப்படுத்தி, முழுத் துண்டாக இணைப்பில் கழற்றி எடுப்பார்கள்.

பைப்ரெஞ்ச்

வார்ப்பிரும்பைப் பற்றி நான் சொல்கிறேன். நல்ல வார்ப்பிரும்பு லைன் தண்ணீர் பைப்பைவிட நீண்ட நாள் நிற்கும். செங்குத்தாக இறங்குவதைவிடக் கீழே படுக்கையாகத் திரும்பும் இடம்தான் முதலில் அரித்துப்போகும். கேமரா விட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால் விட்டுவிடலாம், சத்தமும் குறைவு. பிளாஸ்டிக்கில் மேல்வீட்டில் ஃபிளஷ் பண்ணினால் உங்கள் படுக்கையறையில் கேட்கும்.

எடுப்பதாக இருந்தால் மேலிருந்து கீழே வாருங்கள். வெட்டும் துண்டுக்கு மேலே இருப்பதை முதலில் கிளாம்ப் போட்டுச் சுவரில் தாங்க வேண்டும். நான்கு இன்ச் வார்ப்பிரும்பு மீட்டருக்குப் பத்து கிலோவுக்கு மேல் வரும், தாங்கல் இல்லாமல் நடுவில் வெட்டினால் மேலே நிற்பது அப்படியே இறங்கும். கீழே டக்டுக்குள் ஆள் நிற்கவே கூடாது.

நாலாம் மாடி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

துண்டு வெட்டினோம். மூன்றாவது லைனில் ஐந்தாம் தளத்துக்குக் கீழே ஒரு அடி, முதல் தளத்தில் ஒரு அடி. ஒன்றேகால் இன்ச் பைப். பிளந்து பார்த்தபோது மேல் துண்டில் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. உள்ளே முழுக்கக் கரும்பழுப்புக் கட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நகத்தால் சுரண்டினால் மேல்தோல் உதிர்ந்து உள்ளே கறுப்புச் சேறு. மரை போட்ட இடத்தில் இரும்பின் தடிமன் தகரம் மாதிரி ஆகியிருந்தது, இரண்டு விரலால் அழுத்தினேன், நெளிந்தது. அதுதான் ஆறு தளத்துத் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருந்தது. கீழ்த்துண்டு அவ்வளவு மோசமில்லை, ஆனால் அதிலும் பாதி வழிதான்.

துண்டைக் கூட்டத்தில் கையிலிருந்து கைக்குக் கொடுத்தோம். அதற்குப் பிறகு மாற்றுவதைப் பற்றி விவாதமே இல்லை.

பரிசோதனையில் ஆறு வீட்டில் இரண்டு வீட்டில் ஈயம் 10க்கு மேல் வந்தது. அதில் ஒன்று தரைத்தளம்.

முடிவு இதுதான். டக்டில் இருக்கும் நான்கு தண்ணீர் லைனும் மேலிருந்து கீழாக வெட்டி எடுக்கப்படும். வீட்டுக்குள் புதுக் கிளை சுவருக்கு வெளியே, ஒரு வீடும் விடாமல். சுவருக்குள் இருக்கும் பழைய கிளை டீயை ஒட்டி வெட்டி, உலர்த்தி, இரண்டு முனையும் அடைத்து அங்கேயே இருக்கும். எந்தச் சுவரில் எங்கே ஓடுகிறது என்று வீட்டுக்கு ஒரு வரைபடம், நாளைக்குத் துளை போடுபவர் பயப்படாமல் இருக்க. குளியலறையை இடித்துக் கட்டும்போது யார் வேண்டுமானாலும் அப்போது எடுத்துக்கொள்ளட்டும். வார்ப்பிரும்பில் கீழே படுக்கைத் துண்டு மட்டும் மாற்றம். சாம்பல் பைப் ஆஸ்பெஸ்டாஸ்தான் என்று முடிவு வந்தது, அதில் விரிசல் இல்லை, தொடவில்லை, ஒவ்வொரு தளத்திலும் எச்சரிக்கை எழுதி ஒட்டியாயிற்று. எர்த் பார்த்ததில் 11 வீட்டில் சரியாக இல்லை, அந்த வேலை இப்போது நடக்கிறது. அது முடிந்த பிறகுதான் முதல் வெட்டு.

இரண்டு பிள்ளைக்காரி

ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. புது லைனில் தண்ணீர் விடும் முன் குளோரின் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஒரு மணி நேரம் நிறுத்தி, வாசனை போகும் வரை ஓடவிட்டு வெளியேற்ற வேண்டும். எல்லா வீட்டிலும் குழாய் முனைச் சல்லடையைக் கழற்றிவிட்டு ஓடவிடுங்கள், வாஷிங் மெஷின் லைனை அன்றைக்கு மூடி வையுங்கள். பிறகு அதே இரண்டு வீட்டில் மறுபடியும் மாதிரி எடுங்கள். அமெரிக்காவில் ஃப்ளின்ட் நகரத்தில் 2014இல் குடிநீரை ஆற்றிலிருந்து எடுக்க மாற்றியபோது, அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்காமல் விட்டதில் பழைய பைப்பின் உள்படிவு கரைந்து ஈயம் வீடுகளுக்கு வந்தது. பழைய லைனில் எந்த மாற்றம் செய்தாலும் பிறகு அளந்து பார்க்காமல் குடிக்கக்கூடாது.

தரைத்தளம்

என் வீட்டு அளவைப் பார்த்தபோது கை நடுங்கியது. இத்தனை வருடம் அதைத்தான் குடித்திருக்கிறோம். வெளியே போகும் பைப்புக்குச் சம்மதித்துவிட்டேன், ப்ளம்பர் வந்து மூலையில் கோடு போட்டுக் காட்டினார், ஒரு டைல்கூட உடையாது.

தம்பி, வேலை எங்கள் லைனில் என்றைக்கு என்று இரண்டு நாள் முன்னால் சொல்லுங்கள். தூசி இருக்கும் நேரத்துக்கு மனைவியை மகள் வீட்டில் விட்டுவிடுகிறேன். ஆக்ஸிஜன் மெஷினை அங்கே கொண்டுபோக ஒரு ஆள் உதவி வேண்டும்.

நாலாம் மாடி

அண்ணா, உங்கள் லைன் கடைசியில்தான், வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நானே வருகிறேன், மெஷினை நாம் இரண்டு பேரும் தூக்கிவிடலாம்.